அத்தியாயம் 7: வண்டிக்குள் வரும் புகை

பழைய வண்டி என்றால் உள்ளே கொஞ்சம் புகை வாசனை இருக்கத்தான் செய்யும் என்று உங்கள் மெக்கானிக் சொன்னால், அந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். அம்பாசிடராக இருந்தாலும் பத்மினியாக இருந்தாலும், உட்காரும் இடத்தில் புகை வாசனை வந்தால் எங்கோ ஒரு பேக்கிங் போயிருக்கிறது, ஒரு ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறது, அல்லது ஒரு தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கிறது. அது எங்கே என்று தேடிப் பிடிப்பதைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம். பெயிண்ட், குரோமியம், சீட் துணி எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த வேலையை முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் இது வண்டியின் அழகைப் பற்றியதல்ல, அதில் ஏறும் ஆட்களைப் பற்றியது.

புகையில் நமக்கு எதிரி கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாம் முகரும் நாற்றம் எரியாத பெட்ரோலும் எண்ணெயும் தருவது. நாற்றம் குறைந்தது என்பதற்காக விஷம் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டாவதாக, மூக்கு சீக்கிரம் பழகிப்போகும். பத்து நிமிடம் உள்ளே இருந்தவருக்கு எதுவும் தெரியாது. வழியில் ஏறிக்கொள்பவர்தான் என்ன இது இப்படி நாறுகிறது என்று கேட்பார். அவர் சொல்வதை நம்புங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 2000-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குப் பொல்யூஷன் சர்டிபிகேட் தருவதற்கான எல்லை, ஐட்லிங்கில் 3 சதவீதம் கார்பன் மோனாக்சைடு. அதாவது சோதனையில் தேறிய வண்டியின் புகையிலேயே பத்து லட்சத்தில் 30,000 பங்கு வரை அது இருக்கலாம். இந்த அளவைத்தான் பிபிஎம் என்கிறோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வெளிக்காற்றுக்கு வைத்திருக்கும் எல்லை, 8 மணி நேரச் சராசரிக்கு 9 பிபிஎம், 1 மணி நேரச் சராசரிக்கு 35 பிபிஎம். உங்கள் வண்டிக்குள் இருக்கும் காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு புகை கலந்தாலே 30 பிபிஎம் ஆகிவிடும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத, கார்புரேட்டர் வைத்த எஞ்சினில் இவ்வளவு சின்னக் கசிவுகூடக் கணக்கில் வருவது இதனால்தான். சோக் இழுத்து ஓடும் காலையில் அளவு இன்னும் ஏறும்.

ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. சுத்தமான காற்றுக்கு வந்த பிறகும், ஏறியதில் பாதி இறங்க நாலைந்து மணி நேரம் ஆகும். காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டி, சாப்பாட்டுக்கு நிறுத்தி, மறுபடி கிளம்பும்போது காலையில் ஏறியதில் பெரும்பகுதி உடம்பில் அப்படியே இருக்கும். தலைவலி, மந்தம், குமட்டல், கொட்டாவி இவையெல்லாம் வெயிலாலும் களைப்பாலும் வருபவைதான். அதனாலேயே ஏமாந்துபோகிறோம். கொடைக்கானல் ஏறும்போது பின் சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்தால் வளைவுகள் மீது பழியைப் போட்டுவிடுகிறோம். பின் சீட்டில் இருப்பவருக்குத்தான் முதலில் தலைவலி வருகிறது என்றால், மற்றதைச் சந்தேகிப்பதற்கு முன் டிக்கியைச் சந்தேகியுங்கள்.

எந்த வாசனை, எப்போது

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் கவனித்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். கண் எரிகிறது, தொண்டையைப் பிடிக்கிறது என்றால் சைலன்சர் வழி போகவேண்டிய புகை. சூடான எண்ணெய் கருகும் வாசனை என்றால் பிரீதர் குழாய், அல்லது மேனிஃபோல்டு மேல் சொட்டும் எஞ்சின் ஆயில். பச்சைப் பெட்ரோல் வாசனை என்றால் டேங்க், ஹோஸ், கார்புரேட்டர்.

எப்போது வருகிறது என்பதும் அதே அளவு முக்கியம். சிக்னலில் நிற்கும்போது மட்டும் வந்தால் பானெட்டுக்கு உள்ளிருந்து முன்பக்கத் தடுப்புத் தகடு வழியாக வருகிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில், ஜன்னல் திறந்திருக்கும்போது வந்து, நின்றதும் போய்விட்டால் பின்னாலிருந்து வருகிறது. மேட்டில் ஏறும்போது மட்டும் வந்தால் மேனிஃபோல்டு பேக்கிங் அல்லது பிஸ்டன் ரிங். டேங்க் நிரப்பிய அன்று மட்டும் பெட்ரோல் வாசனை வந்தால் கசிவு டேங்கின் மேல்பாதியில்.

பெட்ரோல் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ்களை அது ஊறவைத்து வெடிக்கச் செய்கிறது. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள எல்லா ரப்பர் துண்டுகளையும், பெட்ரோல் ஊற்றும் வாய்க்கும் டேங்குக்கும் நடுவிலுள்ள தடித்த ஹோஸையும், எத்தனாலுக்குத் தாங்கும் ரகமாகப் பார்த்து மாற்றிவிடுங்கள். டேங்க் மேலுள்ள அளவுமானியின் பேக்கிங்கையும் கூடவே மாற்றுங்கள். பெட்ரோல் கசிவு தீரும்வரை இந்த அத்தியாயத்தின் மற்ற சோதனைகளைத் தொடங்க வேண்டாம்.

முதலில் புகை கசியும் இடம்

பலரும் நேராக ரப்பர் வாங்கி ஓட்டை அடைக்கப் போவார்கள். அது தலைகீழ் வரிசை. கசிவு இருக்கும்போது வழியை மட்டும் அடைத்தால் இன்னொரு வழியில் வரும். எனவே முதலில் சைலன்சர் வரிசை முழுவதும்.

குளிர்ந்த எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்து பானெட்டைத் திறந்து காது கொடுங்கள். மேனிஃபோல்டு பேக்கிங் போயிருந்தால் டிக் டிக் என்று ஒரு தட்டல் கேட்கும். சூடேறி இரும்பு விரிந்ததும் அது குறையும் அல்லது மறையும். டேப்பட் சத்தம் என்று நினைத்து டேப்பட் அட்ஜஸ்ட் செய்து ஏமாறுபவர்கள் உண்டு. டேப்பட் சத்தம் சூடான பிறகும் நிற்கும். இது பெரும்பாலும் நிற்காது.

அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சின், மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழியாக வந்த பிஎம்சி பி சீரிஸ். அதில் கார்புரேட்டர், இன்லெட், எக்ஸாஸ்ட் மூன்றும் எஞ்சினின் இடது பக்கத்தில்தான். டேப்பட் கவர் பேக்கிங் இடது ஓரத்தில் கசிந்தால் ஆயில் நேராகக் கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் சொட்டி நீலப் புகையாகக் கிளம்பும். அதற்கும் கீழே, மேனிஃபோல்டு மறைத்திருக்கும் இடத்தில், எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் தகட்டு மூடிகள் உண்டு. அவற்றின் பேக்கிங்கை எஞ்சின் இறக்கும்போது மட்டுமே நினைப்பார்கள். கண்ணாடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, டார்ச் அடித்து அந்த மூடிகளின் கீழ் விளிம்பைப் பாருங்கள். ஈரமாகப் பளபளத்தால் கருகும் எண்ணெய் வாசனையின் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது.

மேனிஃபோல்டிலிருந்து இறங்கும் பைப்பின் இணைப்புதான் அடுத்த சந்தேகம். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் ஆடும். சைலன்சர் பாடியில் தொங்கும். இரண்டுக்கும் நடுவில் இழுபடுவது இந்த இணைப்பு. சுற்றிலும் மங்கலான கரித்தடம் இருந்தால் கசிவு உறுதி. நட்டை இறுக்கி முடித்துவிடாதீர்கள். கழற்றி, முகத்தைச் சமப்படுத்தி, புதிய பேக்கிங் போட்டு, வெண்கல நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்க வேண்டும். கழற்றும் பழைய பேக்கிங் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். அதை உலர்வாகச் சுரண்டாமல் தண்ணீரில் நனைத்து எடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுங்கள். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் தொய்ந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றாதவரை எந்தப் பேக்கிங்கும் நிலைக்காது.

மற்ற இணைப்புகளுக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. எஞ்சின் ஆறியிருக்கும்போது, காற்றை வெளியே தள்ளும் புளோயர் ஒன்றை சைலன்சரின் வால் பைப்பில் துணி சுற்றிப் பொருத்தி ஓடவிடுங்கள். பிறகு சோப்பு நீரை ஸ்பிரே செய்துகொண்டே முன்னால் போங்கள். கசியும் இடமெல்லாம் நுரைக்கும். சைலன்சர் பெட்டியின் மேல்முகத்தை மறக்க வேண்டாம். கீழே படுத்துப் பார்ப்பவர் கண்ணுக்குப் படாத அந்த மேல்முகம்தான் வண்டியின் தரையைப் பார்த்து ஊதுகிறது.

வால் பைப்பின் முனை எங்கே முடிகிறது என்று பாருங்கள். சைலன்சர் மாற்றும்போது இருப்பதை வளைத்துப் போட்ட பைப்புகள் பல, டிக்கித் தரைக்கு அடியிலேயே முடிந்துவிடுகின்றன. பம்பரின் விளிம்பைச் சற்றேனும் தாண்டி வெளியே வரவேண்டும். ஒரு துண்டு பைப்பை வெல்ட் செய்யும் செலவில் பாதிப் பிரச்சினை தீர்ந்த வண்டிகள் இருக்கின்றன.

இனி பிரீதர். பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சினில் எரிந்த வாயு கீழே இறங்கி, ஆயில் ஆவியோடு பிரீதர் குழாய் வழியாக வெளியேறும். ஐட்லிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான துடிப்பு இயல்பு. புகை விட்டு விட்டு ஊதினால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்க வேண்டிய நேரம். பழைய அமைப்பில் அந்தக் குழாய் தரையை நோக்கித் திறந்திருக்கும். வண்டி ஓடும்போது கீழே போகும் காற்று அதை இழுக்கும், நின்றால் இழுக்காது. அந்த ஆவி பானெட்டுக்குள் தங்கி உள்ளே நுழையும். குழாயை ஏர் கிளீனரோடு இணைத்துவிட்டால் எஞ்சினே அதை உறிஞ்சி எரித்துவிடும். இணைக்கும் குழாயில் எண்ணெய் பிரிக்கும் சிறு டப்பா ஒன்றும் வையுங்கள். ஆனால் ரிங் போன எஞ்சினுக்கு இது தற்காலிக ஆறுதல் மட்டுமே.

காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது

ஓடும் காருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவு. சைலன்சர் விடும் புகையில் ஒரு பகுதி அந்த இடத்தில் சுழன்றுகொண்டே வண்டியோடு வரும். வண்டிக்கு உள்ளேயும் அழுத்தம் குறைந்தால், டிக்கியில் இருக்கும் எந்தச் சந்து வழியாகவும் அது உள்ளே இழுக்கப்படும். உள்ளே அழுத்தம் குறைவது நாம் ஜன்னல் திறக்கும் விதத்தால்தான். பின் கதவின் கண்ணாடியை மட்டும் இறக்கினால் ஓடும் காற்று உள்ளிருப்பதை உறிஞ்சி வெளியே எடுக்கும். முன் கதவின் முக்கோணக் கண்ணாடியைக் கொஞ்சமாகத் திறந்தாலும் அப்படியே. அதையே முழுக்கத் திருப்பி, காற்றை எதிர்கொள்ளும்படி வைத்தால் உள்ளே காற்றைத் தள்ளும். புகை வருகிறதே என்று பின் ஜன்னலைத் திறப்பவர் புகையை அதிகமாகவே வரவழைக்கிறார்.

இதை உங்கள் வண்டியில் கண்ணால் பார்க்கலாம். பின் சீட்டின் சாய்மானத்துக்கும் பக்கச் சுவருக்கும் இடையிலுள்ள சந்து, பின் கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டின் ஓரம், முன்னால் பெடல்களுக்கு மேலே என்று சில இடங்களில் மெல்லிய டிஷ்யூ காகிதக் கீற்றுகளை ஒரு முனையில் ஒட்டித் தொங்கவிடுங்கள். நெரிசலில்லாத சாலையில் ஒருவர் ஓட்ட, மற்றவர் கீற்றுகளை மட்டும் பார்க்கட்டும். எல்லாக் கண்ணாடியும் மூடி, பின்பு முன் இடது மட்டும், பின்பு பின் வலது மட்டும், முக்கோணக் கண்ணாடி கொஞ்சம், முழுக்க என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். பின் சீட்டுக் கீற்று முன்னோக்கி எழும்பி நின்றால் டிக்கிக் காற்று உள்ளே வருகிறது. நிற்கும் வண்டியில் எவ்வளவு சோதித்தாலும் இந்தத் தகவல் கிடைக்காது. ஒர்க்‌ஷாப்பில் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட வண்டி நெடுஞ்சாலையில் நாறுவதற்கு இதுவே காரணம்.

எஞ்சின் சூடு குறைய பானெட்டின் பின்விளிம்பை வாஷர் வைத்துத் தூக்கிவிடும் பழக்கமும் உண்டு. செய்யாதீர்கள். முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்றழுத்தம் அதிகம். அங்கே காற்றுத் திறப்பு உள்ள வண்டியில், நிற்கும்போதும் மெதுவாகப் போகும்போதும் தூக்கிய விளிம்பு வழியே எழும் சூட்டுப் புகை நேராக அந்தத் திறப்புக்குள் போகும். அந்த விளிம்பின் ரப்பர் பட்டை முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் அது காணாமலே போயிருக்கும்.

அடைக்கும் வேலை

டிக்கியிலிருந்து தொடங்குங்கள். பீடிங் மேல் சாக்பீஸ் தேய்த்து மூடித் திறந்தால், எங்கெல்லாம் மூடியில் தடம் விழவில்லையோ அங்கெல்லாம் சந்து. புது பீடிங் வாங்கும்போது பழைய துண்டைக் கையோடு கொண்டுபோய் உயரத்தையும் உள்குழலின் பருமனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடினால் கிடைக்கும். அளவுக்கு மேல் தடித்ததைப் போட்டால் மூலைகளில் டிக்கி மூடி எழும்பி நின்று புதுச் சந்து உண்டாகும். இரு முனைகள் சேரும் இடம் கீழே வரட்டும், ஆனால் பூட்டுக்கு நேராக வேண்டாம்.

பின் விளக்குகளைக் கழற்றுங்கள். அவற்றின் அடி ரப்பர் காய்ந்து அப்பளமாக உடையும். நம்பர் பிளேட் விளக்கின் வயர் துளை, டிக்கித் தரையில் தண்ணீர் வடியும் துளைகளின் மூடிகள், ஸ்டெப்னி வைக்கும் குழியின் துரு, பின் சக்கர வளைவின் உள் இணைப்பு எல்லாவற்றையும் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரின் பின்புறத்தால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். மக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். மக்கிய தகட்டின் மேல் எம்சீல் பூசுவது சில மாதம் ஏமாற்றும், பிறகு அதிர்வில் பிளக்கும். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்ட் செய்வதே வழி. வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வண்டியை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

பின் சீட்டைத் தூக்கினால் சாய்மானத்துக்குப் பின்னால் ஒரு அட்டையோ தகடோ இருக்கும், அல்லது இருந்திருக்கும். டிக்கிக்கும் மனிதர்களுக்கும் நடுவிலுள்ள கடைசித் தடுப்பு அது. ஸ்டீரியோ ஸ்பீக்கருக்காக அதை வெட்டியிருந்தால் புதிதாகச் செய்து, ஓரங்களில் பியூட்டைல் பட்டை ஒட்டி இறுக்குங்கள்.

முன்பக்கத் தடுப்புத் தகட்டைச் சோதிக்க இரவுதான் நல்லது. ஷெட்டின் விளக்கை அணைத்து, எஞ்சின் பக்கம் ஒரு பிரகாசமான எல்இடி விளக்கை வைத்துவிட்டு, நீங்கள் உள்ளே டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் படுங்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள். ஸ்டீயரிங் தண்டைச் சுற்றி ஒரு மெல்லிய ஒளிவளையம், ஸ்பீடோமீட்டர் கேபிளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, கிளட்ச் பெடலுக்கு மேலே ஒரு கோடு, எப்போதோ ஏசி குழாய்க்குத் துளைத்துவிட்டு மறந்த ஒரு பெரிய வட்டம் என்று ஒவ்வொன்றாகத் தெரியும். தெரிந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். கேபிள்களுக்கும் வயர்களுக்கும் சரியான அளவு ரப்பர் குரோமெட். அசையும் தண்டுகளுக்கு ரப்பர் பூட்ஸ். பயன்படாத துளைக்குத் தகட்டு மூடியும் பாலியூரிதேன் சீலண்ட்டும். சாதாரண சிலிக்கான் வேண்டாம். பெட்ரோலும் ஆயிலும் பட்டால் அது உரிந்துவரும், அதன் மேல் பெயிண்டும் ஒட்டாது.

தரை கியர் உள்ள வண்டிகளில் கியர் தண்டின் அடியிலுள்ள ரப்பர் பூட்ஸைப் பாருங்கள். தோல் உறை அழகுக்கு மட்டுமே, அது புகையைத் தடுக்காது. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் வேலை. அதன் கியர்பாக்ஸ் மேல்மூடி தனியாகக் கழற்றிப் பூட்டும் பாகம். ஒருமுறை கழற்றிய மூடி, ஓரப் பட்டை புதிதாக ஒட்டாமல் திரும்ப ஏறினால், சுற்றளவு முழுவதும் சந்துதான்.

பீட்டில் வைத்திருப்பவர்கள் ஹீட்டரைத் தொடுவதற்கு முன் யோசியுங்கள். அதில் எக்ஸாஸ்ட் பைப்பைச் சுற்றியுள்ள உறைக்குள் ஓடிச் சூடாகும் காற்றுதான் உள்ளே வருகிறது. அந்தப் பைப் துருவேறி ஓட்டையானால் புகை நேராக உங்கள் காலடிக்கு வரும். 1962 இறுதிவரை வந்த மாடல்களில் எஞ்சினைக் குளிர்வித்த காற்றே உள்ளே வந்தது என்பதால் ஆயில் கசிவும் சேர்ந்து வரும். அந்த உறைகளைச் சோதிக்காமல் ஊட்டிக் குளிரில் ஹீட்டர் போடாதீர்கள்.

மீட்டரோடு ஓட்டிப் பார்ப்பது

வேலை முடிந்ததா என்று மூக்கு சொல்லாது. எண்ணைக் காட்டும் சிறிய கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஒன்று வாங்குங்கள். வீட்டுச் சுவரில் மாட்டும் அலாரம் போதாது. அமெரிக்கத் தரப்படி செய்யப்பட்ட வீட்டு அலாரம் 70 பிபிஎம்மில் ஒலிக்க ஒன்று முதல் நாலு மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு 5, 10 என்ற சிறிய எண்களே தெரிய வேண்டும். திறந்த வெளியில் சுழியத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு நாள் முன் சீட்டில் முகத்தின் உயரத்திலும், மறுநாள் பின் சீட்டிலும் வைத்து, ஐட்லிங், ஊருக்குள், நெடுஞ்சாலை, ஏற்றம் என்று ஓட்டிப் பாருங்கள். லாரிக்குப் பின்னால் போகும்போது எண் ஏறி இறங்குவது சாலையின் காற்று. வெறும் சாலையில் ஏறிக்கொண்டே போனால் அது உங்கள் வண்டி. தொடர்ந்து 9-க்கு மேல் நின்றால் திரும்பி வந்து வேலையைத் தொடருங்கள். 35-ஐத் தொட்டால் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி, ஓரங்கட்டி, எல்லாரும் இறங்குங்கள்.

பின்னாளில் ஏசி பொருத்திய வண்டிகளுக்கு இந்தச் சோதனை இரட்டிப்பு அவசியம். அந்த ஏசி உள்காற்றையே சுற்றவைக்கிறது. நுழைந்த புகைக்கு வெளியேற வழி குறைவு. நிறுத்தி வைத்த வண்டியில் எஞ்சினும் ஏசியும் ஓட யாரையும் தூங்கவிடாதீர்கள். ஷட்டர் மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினைச் சூடேற்றவும் வேண்டாம். ஸ்டார்ட் செய்தவுடன் வெளியே எடுங்கள். டிக்கி மூடாத அளவு சாமான் ஏற்றிக் கயிறு கட்டி ஓட்டுவதையும் தவிருங்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் முன் கண்ணாடிகளை முழுக்க இறக்கி, முக்கோணக் கண்ணாடிகளைக் காற்றை நோக்கித் திருப்பி, மெதுவாகப் போங்கள்.

வண்டியில் யாருக்காவது தலைசுற்றலோ குழப்பமோ வந்தால் உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சினை அணைத்து 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் அதை நம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினை அது ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணிவிடும். பழைய கார், உள்ளே புகை வந்தது என்று டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின் அளவைச் சோதிக்கச் சொல்ல அவருக்கு அந்தத் தகவல் வேண்டும்.